திறக்காத கோப்பைச் செத்துப்போனது என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு நம் நாளிதழில், பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து காப்பாற்றுவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஓலைச்சுவடி, செல்லரித்த பக்கம், தாளைத் தொடாமல் படமெடுக்கும் கருவி என்று விவரமாக எழுதியிருந்தார்கள். ஆனால் ஒரு காலம் அப்படியே விட்டுப்போயிருக்கிறது. ஏறத்தாழ 1990 முதல் 2005 வரை என்னைப் போன்றவர்கள் கணினியில் அடித்து, ஃபிளாப்பி என்ற காந்த வட்டிலும் சிடியிலும் போட்டு வைத்த தமிழ் அது. அதில் அச்சேறியதும் உண்டு, அச்சேறாமல் நின்றதும் உண்டு. நின்றுபோனதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் அப்பா அச்சுக்கோப்பவர். ஈய எழுத்துப் பொறுக்கியே விரல்நுனி கறுத்த மனிதர். நான் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு அவர் வேலை பார்த்த அச்சகத்திலேயே புரூஃப் பார்த்தேன். 1994இல் வங்கிக் கடன் வாங்கி மயிலாடுதுறையில் சின்னதாக ஒரு டி.டி.பி. சென்டர், அதாவது கணினியில் அடித்துப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் கடை, போட்டேன். 486 கணினி, 8 எம்.பி. நினைவகம், 340 எம்.பி. ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 3.1, பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 5. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் தல வரலாறு, எம்.ஃபில். ஆய்வேடு, நாலு இதழோடு நின்றுபோகும் சிற்றிதழ் என்று 2011 வரை அதுதான் பிழைப்பு. டிரேசிங் பேப்பரில் பிரிண்ட் எடுத்துக் கொடுப்போம், அச்சகத்தில் பிளேட் போட்டுக்கொள்வார்கள்.

1996இல் ஒரு தமிழ்ப் பேராசிரியர் வந்தார். பெயர் வெளியே வருவதைக் குடும்பத்தார் விரும்பவில்லை, அதனால் ஐயா என்றே சொல்கிறேன். சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஒப்பாரி, தாலாட்டு, நடவுப் பாட்டு என்று பத்து வருடம் டேப்ரிக்கார்டரில் பதிந்து, திரும்பத் திரும்பக் கேட்டு நோட்டில் எழுதியிருந்தார். இரண்டு தொகுதிக்கு வரும். வெறும் பாட்டாக அடித்துக் கொடுத்தால் போதாது என்பது அவர் கட்சி. ஒப்பாரியில் குரல் உடையும் இடத்துக்கு ஒரு குறி, மூச்சு வாங்கும் இடத்துக்கு ஒரு குறி, ஒரு சொல்லை இழுத்து அடுத்த சொல்லோடு சேர்க்கும் இடத்துக்கு ஒரு குறி வேண்டும் என்றார். "பாட்டை மட்டும் போட்டா அது செய்யுளாப் போயிடும்மா. அவ அழுதது எங்க இருக்குன்னு படிக்கிறவனுக்குத் தெரியணும்" என்றார்.

எழுத்துருவில் காலியாகக் கிடந்த மூன்று இடங்களில் அந்த மூன்று குறிகளையும் நானே வரைந்து சேர்த்தேன். குரல் உடைந்தால் எழுத்தின் தலைமேல் சின்ன வளைவு. மூச்சுக்கு அடியில் ஒரு புள்ளி. இழுப்புக்கு அலைக்கோடு. புள்ளி மெய்யெழுத்தின் புள்ளியோடு குழம்பக் கூடாது, வளைவு மேல்வரியில் முட்டக் கூடாது. பத்து நாள் அதிலேயே போயிற்று. அந்தக் குறிகள் என் எழுத்துருவைத் தவிர வேறெங்கும் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

முதல் தொகுதி 1997இல் வந்தது. இரண்டாவதை 212 பக்கம் அடித்து, மூன்று புரூஃப் பார்த்து முடித்தோம். அச்சிடப் பணம் கூடவில்லை. அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று தள்ளிப்போய், 2003இல் ஐயா காலமாகிவிட்டார்.

2023 ஆடி மாதம் அவர் மகன் ஒரு பிஸ்கட் டின்னோடு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே 14 ஃபிளாப்பிகள், லேபிள் எல்லாம் என் கையெழுத்து. கேசட்டுகள் பிசுபிசுத்து ஒட்டிப்போயின. நோட்டுகளை யாரோ ஆய்வுக்கு வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. ஆகவே இரண்டாம் தொகுதி மிச்சமிருந்தது அந்த டின்னில் மட்டும்தான். அவர் ஏற்கெனவே ஒரு பதிப்பகத்தில் காட்டியிருக்கிறார். "ஃபைல் எல்லாம் கரப்ட் ஆயிடுச்சு சார், பிரிண்ட் இருந்தா கொண்டாங்க, புதுசா டைப் பண்ணிக்கலாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பிரிண்ட் இல்லை. "கடைசியா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தூக்கிப் போட்டுடலாம்னு வந்தேன்க்கா" என்றார்.

அந்தச் சொல்லை நான் மறக்கவே மாட்டேன். எத்தனை வீடுகளில் அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்க ஆள் இல்லாமலேயே டின் குப்பைக்குப் போயிருக்கும்!

யூ.எஸ்.பி.யில் செருகும் ஃபிளாப்பி டிரைவ் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். மூன்றரை அங்குல ஃபிளாப்பிக்கு அது போதும். வீட்டில் ஃபிளாப்பி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எடுத்தவுடனே டிரைவில் செருகிவிடாதீர்கள். தகரக் கதவை நகர்த்தி, உள்ளே இருக்கும் வட்டைக் கையால் மெல்லச் சுற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை. அதைச் செருகினால் படிக்கும் முனையில் அழுக்கு ஏறி, அடுத்துப் போடும் நல்ல ஃபிளாப்பியையும் அது கீறிவிடும். எங்கள் ஊர் ஈரப்பதத்துக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, காயவைத்து, ஒவ்வொன்றாகப் படித்தேன். 12 வந்தன. 5ஆம் எண்ணும் 9ஆம் எண்ணும் வரவில்லை.

ஓர் இயலுக்கு ஒரு ஃபிளாப்பி என்று தனித்தனியாக வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அந்தக் காலத்தில் பலர் கோப்பைச் சுருக்கி, ஒரே தொடர்ச்சியாகப் பத்து ஃபிளாப்பிகளில் பிரித்துப் போடுவார்கள். அப்படிச் செய்திருந்தால் 5ஆம் எண்ணோடு கதை முடிந்திருக்கும்.

கோப்புகளைக் கணினிக்குக் கொண்டுவந்தாயிற்று. ஒன்றும் திறக்கவில்லை. பதிப்பகத்தார் சொன்ன 'கரப்ட்' இதுதான். ஆனால் ஒரு கோப்பு திறக்காததற்கும் கெட்டுப்போனதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. பேஜ்மேக்கர் 1985இல் ஆல்டஸ் என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்தது. 1994இல் அந்த நிறுவனத்தையே அடோபி வாங்கியது. 2001இல் வந்த 7தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு. பிறகு எல்லோரும் அடோபியின் இன்டிசைன் என்ற மென்பொருளுக்கு மாறினோம். இன்டிசைனில் சி.எஸ்.6 பதிப்புவரை பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கலாம், அதுவும் பேஜ்மேக்கர் 6இலும் அதற்குப் பிறகும் செய்தவற்றை மட்டும். அதற்கப்புறம் வந்த பதிப்புகளில் அந்த வசதியும் போயிற்று. நான் அடித்தது பேஜ்மேக்கர் 5. எந்த இன்டிசைனும் அதைத் திறக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல், கோப்பின் மேல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஒரு மனிதர் பத்து வருடம் ஊர் ஊராக அலைந்து சேர்த்ததைக் கெட்டுப்போனது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

பேஜ்மேக்கர் 5இன் மூல ஃபிளாப்பிகள் என்னிடம் இருந்தன. வரிசை எண் எழுதிய அட்டையைப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். நிறுவிப் பார்த்தேன், இந்தக் கணினியில் ஓடாது என்று வந்துவிட்டது. அது 16 பிட் காலத்து மென்பொருள். 64 பிட் விண்டோஸ் அந்தக் காலத்து நிரல்களை ஓட்டாது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில்தான். என் பழைய 486 மதர்போர்டு போய் எப்போதோ எடைக்குப் போட்டாயிற்று.

என் தங்கை மகன் டிப்ளமோ படிக்கிறான். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் மடிக்கணினியைத் திறந்து ஏதோ அடித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால் நீலத் திரை, மேலே சாம்பல் பட்டை, மஞ்சள் எழுத்து. நிரல் எழுதும் பழைய மென்பொருள், டர்போ சி! 1992இல் நான் கம்ப்யூட்டர் சென்டரில் பார்த்த அதே திரை.

"இது எப்படிடா இதுல ஓடுது?"

"டாஸ்பாக்ஸ் பெரியம்மா. காலேஜ்ல இன்னும் இதுதான். உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கற மாதிரி இது காட்டும். டர்போ சிக்கு வித்தியாசமே தெரியாது."

ராத்திரி பதினொரு மணி வரை அவனை விடவில்லை. எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ஒரு பழைய மென்பொருள் தன்னைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட புராசசர், திரை அட்டை, டிஸ்க் எல்லாம் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டது. எமுலேட்டர் என்பது அத்தனை பாகங்களும் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்ளும் ஒரு நிரல். பழைய மென்பொருள் "இந்த எண்ணையும் அந்த எண்ணையும் கூட்டு" என்று இன்டெல் புராசசருக்குச் சொல்லும் கட்டளையை எமுலேட்டர் வாங்கிப் படித்து, தானே செய்து, விடையைத் திருப்பித் தரும். ஒவ்வொரு கட்டளைக்கும் இந்த மொழிபெயர்ப்பு வேலை உண்டு. வேகம் குறையத்தான் செய்யும், ஆனால் இன்றைய கணினிக்கு 486 செய்த வேலை ஒரு பாரமே கிடையாது. டாஸ்பாக்ஸ் அப்படிப்பட்ட ஓர் எமுலேட்டர், 2002 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. விளையாட்டுகளுக்காகத்தான் செய்தார்களாம்.

வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதில் சாவி உண்டு. ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்டேன். டர்போ பாஸ்கல் என்ற நிரல் மொழியில் எழுதிய சில பழைய நிரல்கள் தொடங்கியவுடனே கணினி எவ்வளவு வேகம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்குமாம். பிற்காலத்துக் கணினி போகிற வேகத்தில் அந்த வகுத்தல் கணக்கின் விடை ஒதுக்கிய இடத்துக்குள் அடங்காமல், 200ஆம் பிழை என்று சொல்லி நின்றுவிடுமாம். மெதுவாக்கினால் ஓடும். எழுதியவர்கள் இவ்வளவு வேகம் வரும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் டாஸ்பாக்ஸுக்குள் விண்டோஸ் 3.1ஐ நிறுவினோம். 486 வாங்கியபோது உரிமத்தோடு வந்த ஃபிளாப்பிகளே என்னிடம் இருந்தன. டாஸ்பாக்ஸ் தன்னை எஸ்3 திரை அட்டை வைத்த கணினியாகக் காட்டிக்கொள்கிறது என்பதால், அதற்கான டிரைவரைத் தேடிப் போட்டபின் திரை அகலமாயிற்று. பிறகு பேஜ்மேக்கர் 5. அட்டையைப் பார்த்து வரிசை எண்ணை அடித்தேன். ஏற்றுக்கொண்டது. அந்த நிமிடம் என் கை தானாகப் பழைய குறுக்குச் சாவிகளைத் தேடிப் போயிற்று.

முதல் இயலைத் திறந்தேன். எழுத்துரு இல்லை, அதற்குப் பதிலாகக் கூரியர் என்ற ஆங்கில எழுத்துருவைப் போடட்டுமா என்று ஒரு பெட்டி வந்தது. சரி என்றால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக நின்றது. இளைஞர்களுக்கு இது விளங்காமல் இருக்கலாம். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடு அப்போது எங்கள் கைக்கு வரவில்லை. தமிழ் எழுத்துக்கென்று கணினியில் இடம் இல்லை என்பதால் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து ஏமாற்றுவோம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி பதிந்துவைப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கிறவரை தமிழ், இல்லாவிட்டால் ஜேகேபிஓ. ஒவ்வொரு எழுத்துருவிலும் இடம் வேறு வேறு. ஆகவே எழுத்துருதான் அந்தக் கோப்பின் திறவுகோல்.

என் எழுத்துரு எங்கே? அதைக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆயிற்று. 2002இல் கணினி மாற்றியபோது எழுதி வைத்த சிடி ஒன்று, பரணில், பழைய காலண்டர் அட்டைக்குள் இருந்தது. அதை எழுத்துருப் பட்டியலில் சேர்த்துவிட்டுக் கோப்பை மறுபடி திறந்தேன்.

வந்துவிட்டது, ஐயா! தலைப்பு, அதன் கீழ் ஊர்ப் பெயர், பாடிய அம்மாளின் வயது, பாட்டு. வரிக்கு வரி வளைவும் புள்ளியும் அலைக்கோடும். 27 வருடத்துக்கு முன் நான் விட்ட இடைவெளி விட்டபடியே இருந்தது. ஓரிடத்தில் ஐயா "இதை ஒரு வரி கீழே இறக்கும்மா" என்று சொல்லி நான் இறக்கியது, அந்த ஒரு வரி இடைவெளி, அதுவும் இருந்தது. பாடியவர்கள் அப்போதே எழுபது, எழுபத்தைந்து வயது. யாரும் இன்று இல்லை. மகன் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்து ஒரு பாட்டை மெல்லப் படித்தார். வளைவு வந்த இடத்தில் அவர் குரலும் நின்றது. குறி என்ன சொல்கிறது என்று நான் அவருக்குச் சொல்லவே இல்லை.

வெளியே எடுத்த விதத்தையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். அந்தக் காலத்துத் தமிழ் விசைப்பலகை மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு, பிரிண்டர் செருகும் இடத்தில் மாட்ட வேண்டிய சின்னப் பெட்டி. இன்றைய மடிக்கணினியில் அந்த இடமே இல்லை. அதனால் உள்ளே புதிதாகத் தமிழ் அடிக்க முடியவில்லை. ஆனால் பார்க்கவும் பிரிண்ட் கொடுக்கவும் எழுத்துரு மட்டும் போதும். பேஜ்மேக்கரில் போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரைத் தேர்ந்து, தாளுக்கு அனுப்பாமல் கோப்பாகவே எழுதச் சொன்னேன். அதை வெளியே கொண்டுவந்து கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருளால் பி.டி.எஃப். ஆக்கினோம். பக்கம் இம்மி பிசகாமல் வந்தது. புதிதாக எழுதிய கோப்புகளுக்கு மட்டும் விண்டோஸ் 3.1இன் ஃபைல் மேனேஜர் ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ குறியைக் காட்டியது. 2000க்குப் பிந்தைய ஆண்டை அதற்குச் சரியாக எழுதத் தெரியாது. கோப்புக்கு அதனால் குற்றமில்லை.

யூனிகோடாக மாற்றியது தனி உழைப்பு. பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. மாற்றி நிரல் இதை அடுக்கிக் கொடுத்துவிடும். என் மூன்று குறிகள்தான் எந்த மாற்றிக்கும் தெரியாது. முதல் முறை மாற்றியபோது மூன்றும் சத்தமில்லாமல் காணாமல் போயின, பாட்டு சுத்தமாக வந்து நின்றது. ஐயா பயந்த அதே செய்யுள்! பி.டி.எஃப்.ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குறியாகத் திரும்பப் போட்டோம். யூனிகோடில் அவரவர் சொந்த உபயோகத்துக்கென்று ஒதுக்கிய இடம் இருக்கிறது, அங்கே மூன்றையும் வைத்து, புதிய எழுத்துருவில் வரைந்திருக்கிறான் என் தங்கை மகன். ஐந்து மாத வேலை. பழைய திரை கண்ணெதிரே ஓடாமல் இருந்திருந்தால் குறிகள் தொலைந்ததே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

இப்போது என் வேண்டுகோள். ஆவணங்களைக் காப்பது என்று பேசுகிறவர்கள் எல்லோரும் கோப்பைப் பிரதி எடுப்பதோடு நின்றுவிடுகிறார்கள். கோப்பு மட்டும் இருந்து என்ன செய்வது? 1986இல் பிரிட்டனில் பி.பி.சி. ஒரு பெரிய வேலை செய்தது. 900 வருடத்துக்கு முன் அரசர் எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே ஏட்டை நினைவுகூர்ந்து, பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பத்து லட்சம் பேருக்கு மேல் சேர்ந்து தங்கள் ஊரைப் பற்றி எழுதியதை லேசர் வட்டுகளில் பதிந்தார்கள். பதினைந்தே வருடத்தில் அதைப் படிக்கும் கருவி கிடைப்பது அரிதாயிற்று. 900 வருடத்து ஏட்டை அப்போதும் கண்ணால் படிக்க முடிந்தது. பிறகு லீட்ஸ் பல்கலைக்கழகமும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து அந்தப் பழைய கணினியை எமுலேட்டராகச் செய்து அந்த வட்டில் இருந்ததை ஓட்டிக் காட்டினார்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது தரங்கம்பாடி. அங்கே ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1715இல் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டை இன்றும் எடுத்துப் படிக்கலாம். 1996இல் நான் அடித்ததைப் படிக்க ஒரு கணினியையே மறுபடி உண்டாக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் 2015இலேயே, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து விளையாட்டுகள் ஆயிரக்கணக்கானவற்றை உலாவியிலேயே ஓடும்படி வைத்துவிட்டது. அங்கே ஒரு விளையாட்டுக்குக் கிடைக்கும் அக்கறை இங்கே ஒரு பேராசிரியரின் உழைப்புக்குக் கிடைக்க வேண்டும். நம் பல்கலைக்கழகங்களும் பொது நூலகங்களும் அந்தக் காலத்துப் பேஜ்மேக்கர், தமிழ் எழுத்துருக்கள், விசைப்பலகை மென்பொருள் எல்லாம் நிறுவிய எமுலேட்டர் கணினி ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். யார் ஃபிளாப்பி கொண்டுவந்தாலும் அங்கே திறந்து பார்க்க வேண்டும். அதற்குத் தேவை ஒரு சாதாரணக் கணினியும், பழைய ஆள் ஒருவரும், பொறுமையும். உரிமத்தோடு வாங்கியவர் காப்புப் படி எடுத்துக்கொள்ளப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒரு நூலகம் பொதுவில் வைத்து ஓட்ட அது போதுமா என்பதைச் சட்டம் படித்தவர்கள் எழுத வேண்டும். அந்த எழுத்துருக்களைச் செய்து விற்றவர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களே முன்வந்து பொதுவில் விட்டால் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

என்னோடு தொழில் செய்த அக்கா, தங்கை, தம்பிமார்களுக்குத் தனியாக ஒன்று. சிவகாசியோ மதுரையோ திருச்சியோ, கடையை மூடியிருப்பீர்கள். சிடி, ஃபிளாப்பி, வரிசை எண் எழுதிய அட்டை, அந்தப் பூட்டுப் பெட்டி எதையும் எடைக்குப் போடாதீர்கள். எழுத்துருக் கோப்பை முதலில் பிரதி எடுங்கள். வாடிக்கையாளருக்கு நீங்கள் சேர்த்துக் கொடுத்த ஒற்றை எழுத்து, ஒற்றைக் குறி, அது உங்கள் எழுத்துருவில் மட்டும்தான் இருக்கிறது. எந்தக் கோப்புக்கு எந்த எழுத்துரு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இருக்காது.

கடைசியாக, நம் நாளிதழ் வாசகர்களிடம் ஓர் உதவி கேட்டு முடிக்கிறேன். இரண்டாம் தொகுதியில் 61 முதல் 78 வரையும், 131 முதல் 149 வரையும் உள்ள பக்கங்கள் படிக்க முடியாமல் போன அந்த இரண்டு ஃபிளாப்பிகளில் இருந்தன. முதலாவது நடவுப் பாட்டு, மற்றது கணவனை இழந்தவர்களின் ஒப்பாரி. ஐயா ஒவ்வொரு புரூஃப் வந்ததும் ஜெராக்ஸ் எடுத்துப் பாடியவர்கள் வீட்டிலும் தன் மாணவர்களிடமும் கொடுத்து, சரியா என்று கேட்பார். குத்தாலம், சீர்காழி, செம்பனார்கோயில் பக்கம் யார் வீட்டுப் பெட்டியிலாவது, நோட்டுக்குள் மடித்து வைத்தபடியாவது அது இருக்கலாம். பக்கத்தின் மேல் மூலையில் சின்னதாக ஓர் ஏர் படம் இருக்கும். எழுத்துகளின் தலைமேல் வளைவு தெரியும். இருந்தால் நாளிதழ் அலுவலகத்துக்கு எழுதுங்கள், நானே வந்து பார்த்துப் படியெடுத்துக்கொண்டு தாளை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள வாசகி,
மயிலாடுதுறை